ஈரத்தான்

சிலுவைத்துறையில், ஐப்பசிப் புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில், ரெமிஜியூஸ் இரண்டு தடவை வீடு வந்து சேர்ந்தான். முதலில் செத்துப்போய் வந்தான், பிறகு உயிரோடு வந்தான். உயிரோடு வந்தவன் வாசலில் வந்து நின்றபோது, செத்து வந்தவனுக்குப் போட்ட சோறு தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது.

அவன் பெண்டாட்டி பிரகாசிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவன் கடலில்தான் சாவான் என்பது அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடிந்தால் வெளிச்சம் வரும் என்று எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். மகள் ஜோஸ்லின் எழுந்து நடக்கத் தொடங்கிய காலத்தில் அவளுக்குள் ஒரு மூட்டம் இறங்கியது. யாரும் சாகவில்லை, யாரும் அவளை அடிக்கவில்லை, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஒருநாள் காலையில் பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனவள், பல்லைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது என்று வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து மீன் ருசிக்கவில்லை, கோயில் மணி காதில் ஏறவில்லை, தூங்கி எழுந்தால் தூங்காதவளைப் போல உடம்பு கனத்தது. வரப்போவது எல்லாம் கெட்டதாகத்தான் வரும் என்கிற நிச்சயம் மட்டும், பாறையில் சிப்பி பிடித்ததுபோல, அலை அடிக்க அடிக்க இறுகிக்கொண்டே போனது.

ரெமிஜியூஸ் ஒவ்வொரு தடவை கடலுக்குப் போகும்போதும் இவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் வந்தான். "இன்னைக்குக் காத்து இல்ல, அதான் வந்துட்டீங்க" என்பாள். காற்று அடித்த நாளில் வந்தால், "மிக்கேலண்ணன் கூட இருந்தாரு, அதான்" என்பாள். கூடப் போகிற மூத்த ஆள் மிக்கேலண்ணன் இல்லாமல், காற்றோடு காற்றாக வந்து நின்றால், "ஒருநாள் தப்பலாம்" என்பாள். அவன் வந்து வந்து அந்த நிச்சயத்தில் ஓர் இழையைக்கூட அறுக்க முடியவில்லை. வராமல் போக ஒருநாள் போதும், வந்த நாளெல்லாம் அந்த ஒருநாளுக்கு முந்தின நாள்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புயலுக்குப் பிறகு ரெமிஜியூஸின் படகைப் பற்றித் தகவல் இல்லை. கரையெல்லாம் பெண்கள் மாரடித்துக்கொண்டு நிற்க, பிரகாசி வீட்டில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெயிலில், தெருவில் ஒரு கோழிகூட நடமாடாத நேரத்தில், பின்வாசல் வழியாக அவன் வந்தான். கடலுக்குப் போனபோது கட்டியிருந்த அதே நீலக் கட்டம்போட்ட கைலி, அதே சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி, விரல் நுனி ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுகிற தண்ணீர். அடுப்படி மூலையில் குடத்துக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன்."

"தெரியும்" என்றாள்.

துண்டை எடுத்துக் கொடுத்தாள். துவட்டத் துவட்ட ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. துண்டைப் பிழிந்து பிழிந்து அவள் கைதான் ஓய்ந்தது. சோறு போட்டு வைத்தாள், அவன் தொடவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று பல வருஷமாகச் சொல்லி வராமலிருந்த விருந்தாளி ஒருவழியாக வந்து உட்கார்ந்துவிட்டதுபோல, வீட்டில் ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதி அவளுக்கே பிடிக்கவில்லை; இருந்தும் அதில் சாய்ந்துகொண்டாள்.

அதற்கு மறுநாள் ரெமிஜியூஸ் பேருந்தில் வந்து இறங்கினான். காற்று படகை மேற்கே இழுத்துப்போய் கொல்லத்துப் பக்கம் எங்கோ கரையில் எறிந்திருக்கிறது. படகு உடைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள். யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அது அக்குளில் இறுக்கிப் பிடிக்க, உடம்பெல்லாம் உப்புக் காய்ந்து வெள்ளை பூத்து வந்தவனை, முதலில் கண்டது அவன் தங்கச்சி ஜெசிந்தா. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், மைனி பிரகாசிக்குத் துணையாக வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்தாள், வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அண்ணனைப் பார்த்தாள்.

"எண்ணே, உள்ள நீ இருக்க" என்றாள்.

ரெமிஜியூஸ் உள்ளே போனான். மூலையில் உட்கார்ந்திருந்தவனைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, "ஏட்டி, நான் வந்துட்டேன், பாரு" என்றான். நெஞ்சு துடித்தது. பிரகாசி அந்தத் துடிப்பைத் தன் உள்ளங்கையில் நன்றாக உணர்ந்தாள்.

"வந்துட்டீங்க. ஆனா அவரும் வந்திருக்காரே" என்றாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் கூட்டம் கூடிப் பார்த்தது, இரண்டாம் வாரம் போகிறபோக்கில் எட்டிப் பார்த்தது, அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பேர் வைத்தது. ஈரத்தான் என்றார்கள். பேர் வைத்துவிட்டால் எந்த அதிசயமும் பாதி பழகிவிடும். அடுப்படியில் தண்ணீர் தேங்குகிறது என்று கொத்தனார் ஒருவர் வந்து தரையில் சின்னதாக ஒரு ஓடை வெட்டிக் கொடுத்தார். அது பின்வாசல் வழியாகப் போய் முருங்கை மரத்தடியில் விழுந்தது, மரம் அந்தத் தண்ணீரில் தழைக்கவும் இல்லை, பட்டுப்போகவும் இல்லை. மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர், வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, எந்த வீட்டுக்காரர் என்று தானே திருத்திக் கேட்டார். ஜோஸ்லின் ஈரத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தாள். புத்தகம் நனைந்து போனதை டீச்சரிடம் சொன்னபோது, இனி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படி என்று மட்டும் டீச்சர் சொன்னார். சும்மா இருக்கிறானே என்று யாரோ கிழிந்த வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். அவன் பின்னிய கண்ணிகளில் குறை சொல்ல முடியாது. அந்த வலை மட்டும் எந்த வெயிலிலும் காயவில்லை.

பங்குச் சாமியார் வந்து பார்த்தார். தீர்த்தம் தெளித்தார், ஏற்கெனவே நனைந்திருந்தவன்மேல் அது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. "பேயா இருந்தா ஓட்டலாம். இது பேய் இல்லம்மா" என்று பிரகாசியிடம் மெதுவாகச் சொன்னார். உயிரோடு நிற்பவனுக்கு அடக்கம் செய்ய முடியாது, செத்து உட்கார்ந்திருப்பவனை அப்படியே விடவும் மனம் வரவில்லை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளில், இறந்துபோன ஆன்மாக்களுக்காகவும், இறந்ததாக நினைக்கப்பட்டவர்களுக்காகவும் மன்றாடுவோம் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். கூட்டத்தின் நடுவில் நின்ற ரெமிஜியூஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். கடலுக்கே போகவில்லை, ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலம் ஆனால் வீட்டில் நின்றான். "கடல் பொறுமையா இருக்கும். எங்க போயிரப் போகுது" என்றாள் பிரகாசி. அவளைக் கூட்டிக்கொண்டு கொல்லத்துக்கே போய், கரை ஒதுங்கிய இடத்தைக் காட்டலாம் என்றான். "இடம் இருக்கும், நான் இல்லன்னு சொல்லலையே" என்றாள். மிக்கேலண்ணனைக் கூட்டிவந்து, நாங்கள் எல்லாரும் பிழைத்தோம் அம்மா, இவன் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நீந்தினான் என்று சொல்ல வைத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள், எதையும் மறுக்கவில்லை. அவளுக்குப் புத்தி பிசகவில்லை. எதிரே நிற்பவன் தன் புருஷன் என்று தெரிந்தது, அவன் மூச்சு விடுவது தெரிந்தது, அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றும் தெரிந்தது. தெரிந்தது எல்லாம் வாசல்வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை. ஒவ்வொரு அத்தாட்சிக்கும் அவள் ஒரு 'ஆனா' வைத்திருந்தாள். அவள் அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் மூலையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சொட்டியது. மிக்கேலண்ணன் பேசிவிட்டுப் போன அன்று ஓடை நிரம்பி, கூடம் வரை தண்ணீர் வந்தது.

பிறகு விதவைகள் வரத் தொடங்கினார்கள்.

அந்தக் கரையில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, உடல்கூடக் கிடைக்காமல் இருந்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் தயங்கித் தயங்கி வந்து, கையில் கொஞ்சம் பழமோ மெழுகுதிரியோ வைத்துக்கொண்டு, அடுப்படியில் ஈரத்தானுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கடலுக்குள் இருந்து வந்தவனுக்குக் கடலுக்குள் இருப்பவர்களைத் தெரியாமலா இருக்கும்? கடைசியாக வந்தவள் அமலோற்பவம். கூடையில் மீன் சுமந்து விற்கிறவள்; அவள் புருஷன் சேவியர் போன படகு வெறும் படகாக வந்து பல வருஷம் ஆகிறது.

"எங்க வீட்டு ஆளைப் பாத்தீரா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றான் ஈரத்தான்.

"கஷ்டப்பட்டாரா?"

"ரொம்பக் கஷ்டப்பட்டாரு."

"கூப்பிட்டாரா யாரையும்?"

"கூப்பிட்டாரு. யாரும் வரல."

அமலோற்பவம் அழவில்லை. அவள் பார்வை அடுப்புப் பக்கம் நின்ற பிரகாசியின்மேல் இருந்தது. ஈரத்தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் பிரகாசியின் உதடு, சத்தமில்லாமல், ஜெபம் சொல்கிற உதடுபோல, கூடவே அசைந்தது. அமலோற்பவம் குனிந்து, ஓடையில் ஓடிய தண்ணீரில் விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல உப்பு இல்ல" என்றாள். "இது கடத்தண்ணி இல்ல. உன் வீட்டுக் குடத்துத் தண்ணி. இவன் கடலையே பாத்ததில்ல."

பிரகாசியும் ஓடையைக் குனிந்து பார்த்தாள். "வந்து இவ்வளவு நாள் ஆச்சுல்லா அக்கா. ஊறி ஊறி உப்பு போயிருக்கும்."

அமலோற்பவம் எழுந்தாள். அவள் முகம் வேறாகிவிட்டது. "என் ஆளு வந்திருந்தா, செருப்பைக்கூடக் கழத்த விடாம மடியில தூக்கி வச்சிருப்பேன். உனக்கு ஒருத்தன் உசுரோட வந்து நிக்கான், நீ வராதவன்கூட உக்காந்திருக்க. வெக்கமா இல்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தில் பிரகாசி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை, தலை வாரவில்லை, மகளைக் குளிப்பாட்டவில்லை. மற்றவர்கள் கும்பிட்டுக் கேட்பது தனக்குக் கிடைத்தும் அதைக் கையில் வாங்கத் தெரியாதவள் உயிரோடு இருந்து யாருக்கு என்ன என்று கிடந்தாள். ஈரத்தான் தவழ்ந்து வந்து அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். பாய் நனைந்தது. "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றான்.

அதைக் கேட்டது ஜெசிந்தா. அன்றே வேன் பிடித்து மைனியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் சுவரோரமாக இன்னொருவர் நின்றார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரின் பின்னால் அவரே, அதே சட்டை கிழிந்து, பிச்சைப் பாத்திரத்தோடு நின்றார். ஒரு பெண்ணின் பின்னால் அவளே, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. ஈரத்தானும் போய் வரிசையில் நின்றுகொண்டான். நர்ஸ் ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார், மாத்திரை எழுதினார், வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லது ஒண்ணு நடந்தா, உடனே ஒரு காரணம் சொல்லி அதை வெளிய தள்ளிடுறீங்க. அந்தக் காரணம் பொய்னு நான் சொல்லல. தள்ளுறதுக்கு முன்னால கொஞ்சநேரம் கையில வச்சிருங்க, அவ்வளவுதான். காலையில, இன்னைக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தோணுதோ அதை ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரா இல்லாம, வெளிய யாராவது இருந்தா நல்லது. யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை என்றாள் பிரகாசி.

மறுநாள் காலையில் வாசலில் கூடை இறங்குகிற சத்தம் கேட்டது. அமலோற்பவம் நின்றாள். ஜெசிந்தா போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "அன்னைக்குப் பேசுனது வயித்தெரிச்சல்ல பேசுனது. மனசுல வச்சுக்காத" என்றாள், முகத்தைப் பார்க்காமல். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு, "சொல்லு, இன்னைக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்."

சாயங்காலம் காலிக் கூடையோடு திரும்பி வந்தாள். "வந்துச்சா?"

"வரல. ஆனா நாளைக்கு..."

"நாளைக்கு இருக்கட்டும். ஆனாவை விட்டுட்டுச் சொல்லு."

"வரல" என்றாள் பிரகாசி. அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த வெறுமை தாங்க முடியாததாக இருந்தது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனதுபோல இருந்தது. அப்போது அடுப்படியிலிருந்து ஈரத்தானின் குரல் வந்தது: "நாளைக்கு வரும்."

இருவரும் கேட்டார்கள். அந்த வாக்கியத்தைப் பிரகாசி பாதியில் விட்டிருந்தாள், அவன் எடுத்து முடித்துவைத்தான். தன் வாயிலிருந்து வந்தபோது அது அவளுக்கு வெறும் உண்மையாக இருந்தது. அங்கிருந்து, ஈரமான தொண்டையில் கரகரத்து வந்தபோது, ஒருவன் சொன்ன பேச்சாக இருந்தது.

அப்படியே நடந்தது, மழைக்காலம் முழுக்க. ரேஷன் கடையில் என்னை எல்லாரும் முறைப்பார்கள் என்பாள் காலையில். சாயங்காலம், ஒருத்தி இடம் விட்டாள் என்பாள். அவளுக்கு உன்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும் என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். குழம்பு நன்றாக வராது என்பாள். பிள்ளை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள் என்பாள். பசியாயிருந்திருக்கும் என்று சத்தம் வரும். சில நாள் அவள் சொன்ன கெட்டது நடக்கவும் செய்தது; அன்றைக்கு அமலோற்பவம், "நடந்துச்சு. சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மாத்திரையில் வாய் உலர்ந்தது, தூக்கத்தில் கொஞ்சம் ஓய்வு வந்தது. ஈரத்தான் போகவில்லை. அவனுக்குப் பேச்சு கூடிவிட்டது. முன்னே அவள் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் இப்போது அவனே பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரெமிஜியூஸால்தான் தாங்க முடியவில்லை. பாயில் படுத்தால் முதுகு நனைகிறது, கண்ணாடியில் பார்த்தால் மூலையில் இருப்பவனின் முகம், கோயிலில் அவனுக்குக் கை கொடுப்பவர்கள்கூட ஒரு நொடி உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்கள், காய்ந்திருக்கிறதா என்று. ஒரு மத்தியானம் ஈரத்தானுக்கு எதிரே போய், அவனைப் போலவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நான் செத்திருந்தா உனக்குத் தோதா இருந்திருக்கும்னு சில நேரம் தோணுது" என்றான் பெண்டாட்டியிடம், கோபம் இல்லாமல். "நான் வந்தேன்ங்கிறதுக்கு இனி என்ன காட்டணும்னு எனக்குத் தெரியல, பிரகாசி. ஐஸ் அள்ளி அள்ளிக் கை மரத்துப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச வேலை கடல்தான். மிக்கேலண்ணன் புதுப் படகு எடுத்திருக்காரு. தங்கு கடலுக்குப் போறேன், நாலஞ்சு நாள் ஆகும். நீ என்ன வேணா நினைச்சுக்க."

போய்விட்டான். போன மூன்றாம் நாள் காற்று எழுந்தது. புயல் என்று சொல்ல முடியாது. கூரைத் தகரம் படபடத்தது, தேரி மணல் செக்கச்செவேலென்று தெருவில் பறந்தது, கொடிமரத்துக் கயிறு விடிகாலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அமலோற்பவம் கூடை இல்லாமல் வந்தாள். கடலில் ஆள் இருக்கிற வீட்டில் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டாள்.

"என்ன நடக்கும் பிரகாசி?"

பிரகாசி வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "வரமாட்டான்."

அமலோற்பவம் பிரகாசியின் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை.

பிரகாசி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன புயலிலும் இதைத்தான் சொன்னேன் என்று நினைத்தாள். அவர் பேருந்தில் வந்தார். வந்தார், ஆனா என்று நினைப்பு ஓடத் தொடங்கியது. அவள் அதைக் கொஞ்சநேரம் நிறுத்திவைத்தாள், கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் பிடித்து நிற்பதுபோல. வந்தார். யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையைக் கொடுத்த கிழவனுக்கு ஒரு கண் தெரியாது என்று சொன்னார். கஞ்சியில் தேங்காய் போட்டுக் கொடுத்தார்களாம், அழுதுகொண்டே குடித்தேன் என்று சொன்னார். இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார், இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார்; அவள் இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்டாள். அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அதனால் இன்றைக்குச் சொல்வதும் தப்பு என்று ஆகாது. சரி என்றும் ஆகாது.

"தெரியல" என்றாள்.

அடுப்படியில் சொட்டுகிற சத்தம் நின்றது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் நிற்பதை வெகுநாளாக யாரும் கேட்டதில்லை. காற்றின் இரைச்சலுக்கு நடுவிலும் அது நின்றது கேட்டது. ஈரத்தான் எழுந்து வந்தான். நிலைப்படியில் நின்று அவளைப் பார்த்தான். இவ்வளவு நாளும் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த முகத்தில், வழி தவறி வந்தவனின் குழப்பம் இருந்தது.

"கடலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டான்.

பிரகாசி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். தெருவில் கதவுகள் திறந்தன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். ஜெசிந்தா வாசலில் நின்று, "எங்க மைனி கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வழி தெரியலையாம். காட்டிட்டு வாரேன்."

மணலில் இறங்கியதும் அவன் தயங்கினான். முதல் அலை வந்து காலைத் தொட்டபோது, அதற்கு முன் கடலைப் பார்த்திராதவனைப் போல, பயந்து பின்வாங்கினான். பிரகாசிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. எத்தனையோ மத்தியானங்கள் வேறு யாரும் இல்லாதபோது கூட இருந்தவன். அவன் முழங்கால் அளவு, இடுப்பளவு போனான். திரும்பிப் பார்த்தான்.

"நான் திரும்பி வருவேனா?"

"அதுவும் தெரியல" என்றாள்.

அவன் தலை அலைகளுக்கு நடுவில் கொஞ்சநேரம் கறுப்பாகத் தெரிந்தது, பிறகு எது தலை எது அலை என்று தெரியவில்லை. அவன் திரும்பி வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த வருஷங்களில் சில மாதங்கள் அந்த அடுப்படி மூலை சொதசொதவென்று ஈரம் பாரிக்கும், சுவரில் முதுகு சாய்ந்த அளவுக்கு ஒரு கறை தெரியும், பிரகாசி மாத்திரைக்கு ஜெசிந்தாவோடு டவுனுக்குப் போய் வருவாள், மூலை காயும். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கரையில் மற்ற பெண்கள் நின்றார்கள், காற்றில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல். அமலோற்பவமும் பின்னாலேயே வந்திருந்தாள். அவளுக்கு அன்று கடலிலிருந்து வர யாரும் இல்லை, இருந்தும் வந்து நின்றாள். பிரகாசி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. வரமாட்டான் என்று தெரிந்த நாட்களில் இப்படி இருந்ததில்லை. அப்போது கனமாக இருந்தது, வலி இல்லை. இது வலித்தது. வந்துவிடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பதைக் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தாள். அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகப் படகுகள் வந்தன. மிக்கேலண்ணனின் படகு வெயில் சாய்ந்து, கடல் ஈயம்போல நிறம் மாறிய பிறகு வந்தது. ரெமிஜியூஸ் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, கயிற்றை இழுத்துக்கொண்டு கரையேறி, பெண்கள் கூட்டத்தில் அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கிட்டே போனாள், சட்டை நுனியைப் பிடித்துப் பிழிந்தாள், விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது.

"வந்துட்டீங்க" என்றாள்.

அவன் காத்திருந்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழக்கமாக வரும் சொல்லுக்காகக் கயிற்றைக் கையில் பிடித்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடி வாங்கப் பழகியவனைப் போலக் காத்திருந்தான். அவளும் அதைத் தன் வாய்க்குள் தேடினாள். காற்று அடித்தது, அலை ஒன்று வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.